கேட்காமல் தூக்கிய பிரவுசர்

எங்கள் பழைய கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் திறப்பதற்குள் உலை கொதித்துவிடும். செஞ்சி கடைத்தெருவில் சர்வீஸ் செய்பவர் லேசான பிரவுசர்கள் இரண்டைப் போட்டுத் தந்தார். இரண்டையும் ஓட்டிப் பார்த்து, தமிழ் எழுத்து சிதையாததை வைத்துக்கொண்டேன். வேகத்தில் குறையில்லை.

மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாளன்றுதான் தெரிந்தது, பாஸ்வேர்டுகளைச் சேமித்திருந்த பழைய பிரவுசரையே காணோம். சர்வீஸ்காரருக்குப் போன் செய்தேன்.

“அது இன்னாத்துக்கு மேடம்? சும்மா எடத்த அடைச்சிக்கினு இருந்துச்சு, தூக்கிட்டேன்” என்றார், குப்பையைக் கூட்டியவர்போல.

என் வீட்டுப் பொருளைக் கேட்காமல் தூக்க இவர் யார்?

நல்லவேளை, மகள் ஹால் டிக்கெட்டின் பின்புறம் பாஸ்வேர்டை எழுதி வைத்திருந்தாள். விண்ணப்பம் நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது.

இப்போது பாஸ்வேர்டுகள் நோட்டில் இருக்கின்றன. சர்வீஸுக்குக் கொடுக்கும்போது, ‘கேட்காமல் எதையும் அழிக்கக் கூடாது’ என்று எழுதி, அதன் கீழே கையெழுத்தும் வாங்கிவிடுகிறேன்.