தந்தை கையொப்பமிடும் கட்டம்

"இந்த ஜென்மத்துல அந்த ஆளை நான் அப்பான்னு கூப்பிட்டா, என் பேரை மாத்திக் கூப்பிடுங்க!"

பதின்மூன்று வயதில், சமையலறை வாசலில், கையில் ஒரு குக்கர் மூடியோடு மிளகாய் வெளியிட்ட பிரகடனம் இது. சபையில் இருந்தது அம்மா ஒருத்திதான். ஆனாலும் மாநாட்டுத் தோரணைக்குக் குறைவில்லை. மிளகாய் என்பது வீட்டுப் பெயர். வைத்தவரே அந்த ஆள்தான். அன்று காலை அவர் ஒரு பெட்டியில் துணிமணியும் ஒரு பையில் குக்கருமாக நகரத்தின் மறுகோடிக்குத் தனியாகக் குடி போயிருந்தார். அவசரத்தில் மூடியை விட்டுவிட்டார். பெண்டாட்டி பிள்ளையை விட்டுப் போனதுகூட ஒரு பக்கம் இருக்கட்டும், இந்த மூடி விஷயம்தான் மிளகாய்க்கு ஆறவே இல்லை. "போறதைக்கூட முழுசா போகத் தெரியலையேம்மா!"

சும்மா சொல்லக் கூடாது, நாலு வருஷம் சொன்ன சொல் காப்பாற்றினாள். பஸ் ஓட்டுகிற அந்த ஆள் மாதம் ஒருமுறை போன் செய்வார். "ம்", "சரி", "அம்மாகிட்ட குடுக்கறேன்" என்று முடித்துவிடுவாள். விளிவேற்றுமை இல்லாமலே ஒரு பெண்பிள்ளை வளர முடியும் என்று இலக்கண உலகத்துக்கு நிரூபித்தவள் அவள்.

இடைஞ்சல் செய்தது இனிஷியல். அவள் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாக ஒடுங்கிக் கிடந்த அந்த ஆள், பிழைக்க வந்த நாட்டில், பாஸ்போர்ட்டின் குடும்பப் பெயர்க் கட்டத்தில் முழுப் பெயராகக் கால் நீட்டிப் படுத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்து வாத்தியார்களும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிட்டார்கள். யார் பேச்சையே எடுக்கக் கூடாது என்று இருக்கிறாளோ, அவர் பெயராலேயே நாளுக்கு ஆறு பீரியட் கூப்பிட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

பதினேழு வயதில் அவளுக்கு லிஃப்ட் மெக்கானிக் பயிற்சி கிடைத்தது. பக்கத்து நாட்டில், இரண்டு வருஷம். எண்ணூறு பேர் போட்டியிட்ட பன்னிரண்டு இடத்தில் ஒன்று. அவள் பாஸ்போர்ட்டோ அடுத்த மாதம் காலாவதி. புதுப்பிக்கக் கொடுத்த ரசீதைத் திங்கட்கிழமைக்குள் காட்டாவிட்டால் இடம் பதின்மூன்றாவது ஆளுக்கு.

சொந்த நாட்டுத் தூதரகத்தின் மூன்றாம் ஜன்னலில் இருந்த அதிகாரி, அவள் பிறந்த தேதியை ஏதோ குற்றத்தைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

"பதினெட்டு ஆகலையேம்மா. அப்பா அம்மா ரெண்டு பேரும் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

"அம்மா மட்டும் போதாதா சார்? வளக்கறது அவங்கதான்."

"விவாகரத்து ஆர்டர் இருக்கா?"

"இல்ல சார். குக்கர் மூடிதான் இருக்கு."

அதிகாரி சிரிக்கவில்லை. சிரிப்பு அந்த ஜன்னலின் பொறுப்பில் வராது போலும். "இல்லேன்னா எட்டு மாசம் கழிச்சு வா. அப்ப யாரும் தேவையில்ல."

மிளகாய்க்கு மூக்கு நுனி சிவந்தது. தன் மூஞ்சியை ஒட்டிய ஒரு சின்னப் புத்தகத்தைத் தானே புதுப்பிக்க முடியாதாம். விட்டுப் போன ஆள் வந்து, இவள் போகலாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் அம்மாதான் அவருக்குப் போன் செய்தாள். "வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தூதரகத்துக்கு வரச் சொல்லிட்டேன். மரியாதையா நடந்துக்கோ."

"நடந்துக்கறேன். பேச மாட்டேன்."

"அந்த மூடியையும் குடுத்துடலாமா? இடத்தை அடைக்குது."

"அது சாட்சிப் பொருள்மா!"

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வரவேண்டியவர் யூனிஃபார்மோடு பதினொன்றே காலுக்கு வந்தார். "பஸ் லேட்டு" என்றார், பஸ் டிரைவர். "எப்படி இருக்க மிளகா?"

"இருக்கேன்" என்றாள், சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் கருவியிடம்.

அவர் ஆங்கிலத்தில் சுழித்து, கீழே இரண்டு கோடும் இழுத்துக் கையெழுத்துப் போட்டார். அதிகாரி பழைய ஃபைலைப் புரட்டினார். "இதுல தமிழ்ல போட்டிருக்கீங்களே. ரெண்டும் பொருந்தணும்."

"இது பேங்க்குக்காக மாத்தினது சார்."

"ஃபார்ம் வீணாப்போச்சு. புதுசு எழுதுங்க. பன்னெண்டுக்கு ஜன்னல் மூடிடுவோம். அதுலயும் அடித்தல் திருத்தல் இருந்தா, அடுத்த டோக்கன் ஆறு வாரம் கழிச்சுதான்."

"வீட்டை மாத்தினது பத்தாதுன்னு கையெழுத்தையும் மாத்தியிருக்கு, பாரும்மா!" மிளகாயின் குரல் கூடத்தின் கோடி வரை போனது. வரிசையே திரும்பிப் பார்த்தது.

அவர் முகம் சுருங்கியது. "என்னை நேராவே திட்டச் சொல்லு" என்றார் அம்மாவிடம்.

"நான் என்ன ரெண்டு பேருக்கும் தபால்காரியா?" என்றாள் அம்மா.

புது ஃபாரத்தின் நாலு பக்கத்தையும் மிளகாய் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதி முடித்தாள். அம்மா தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, "ஒரே நிமிஷம் சார்" என்று ஜன்னலுக்கு ஓடி, மூடவிடாமல் முழங்கையை ஊன்றி நின்றாள். மணி பதினொன்று ஐம்பத்தாறு.

அந்த ஆள் பழைய டிக்கெட் ஒன்றின் பின்புறம் தமிழ்க் கையெழுத்தை நாலு தடவை போட்டுப் பார்த்தார். நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்த்தது. பிறகு ஃபாரத்தை இழுத்துக்கொண்டார். கடைசிப் பக்கத்தின் அடியில் இரண்டு கட்டம். மேலே தந்தை, கீழே விண்ணப்பதாரர். படிக்கிற கண்ணாடி பஸ்ஸிலேயே இருந்தது. பேனா கீழ்க்கட்டத்தை நோக்கி இறங்கியது.

"இங்க பாருங்க", "ஹலோ", ஒரு செருமல் என்று நாலு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த மாற்றுச் சரக்கு மிளகாயிடம் ஏராளம். அந்த அரை நொடியில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

"அப்பா, அது என் கட்டம்."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பேனா காகிதத்துக்கு ஒரு மயிரிழை மேலே நின்றது. அப்பா தலை நிமிரவில்லை.

"என்னுது எதும்மா?"

"மேல இருக்கறது."

மேல் கட்டத்தின் ஓரத்தில் விரலை வைத்துக் காட்டினாள். அவர் கடைசி எழுத்தின் புள்ளியை வைக்கும்வரை அந்த விரலை எடுக்கவில்லை.