நாற்காலி ஆல்பமும் நித்யாவின் கல்யாணமும்

போன மாதம், ராஜபாளையத்தில் என் அக்கா வீட்டு ஹாலில், பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியில் கை வைக்கிற நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அம்மாவுடைய செல்போன் அடித்தது.

அடித்தது என்றா சொன்னேன்? பாடியது. முதலில் ஒரு வயலின். ஏறி, இறங்கி, ஓரிடத்தில் தயங்கி... அப்புறம் டிரம்ஸ். ஹாலில் இருந்தவர்களுக்கு அது ஏதோ ஒரு ரிங்டோன். நான் மட்டும் மிக்சர் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டினேன்.

ஏனென்றால் அந்த வயலினை எனக்கு ரொம்ப வருஷமாகத் தெரியும். பழக்கம் மட்டும் சரியில்லை.

கொஞ்சம் விளக்க வேண்டும். வெளிநாட்டில், குளிர் பிரதேசத்தில், நாலு பேர் சேர்ந்து ஒரு ராக் பேண்ட் நடத்தினார்கள். மூன்று ஆல்பம் போட்டார்கள், பிரிந்து போனார்கள். டிவியில் வராத, ஸ்டேடியத்தில் பாடாத ரகம். இண்டி என்பார்கள், ஆல்டர்நேட்டிவ் என்பார்கள். என் வீட்டுக்காரர் தலைவலி என்பார். பேண்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் பாதிப் பேர் கூகுளுக்குப் போய்விடுவீர்கள், என் பத்திரிகைப் பத்தியை யார் படிப்பது?

இவர்களின் முதல் கேசட்டை நான் வாங்கியதே ஒரு குழப்பத்தில்தான். காலேஜ் படிக்கும்போது, மதுரையில் ஒரு கடையில், அட்டையில் ஒரு வெள்ளைக்காரர் குடை பிடித்துக்கொண்டு மரியாதையாக நின்றார். ஸ்போக்கன் இங்கிலீஷ் கேசட் என்று நினைத்து வாங்கிவிட்டேன். போட்டால்... மனுஷன் பாதி வார்த்தையை முழுங்கிக்கொண்டு கத்துகிறார். எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. வேறு என்னமோ வந்துவிட்டது. இன்றுவரை போகவில்லை.

அந்தக் குடை ஆல்பம்தான் என் உயிர். யாரோ ஒருவர் வீட்டுக் கார் ஷெட்டில் பதிவு செய்தது. டிரம்ஸ் தகர டப்பா மாதிரி கேட்கும். மூன்றாவது பாட்டில் பாடகர் நடுவில் இருமுவார், அப்படியே விட்டிருப்பார்கள். எனக்கு அந்த இருமல் அவ்வளவு பிடிக்கும். நம்மில் ஒருத்தர் பாடுகிறார் என்று தோன்றும்.

அடுத்தது, அட்டையில் காலி நாற்காலி இருக்கும் ஆல்பம். காசு வந்துவிட்டது போல. பெரிய ஸ்டூடியோ, பளபளப்பு, பாட்டுக்குப் பாட்டு வயலின். ‘சர்க்கரை கூடிப்போன பாயசம்’ என்று இதே பத்தியில் ஒரு தடவை எழுதினேன். சிலருக்கு ஞாபகம் இருக்கலாம்.

ஒருவருக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. அவர்தான் என் அக்கா வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தார்.

இந்திரா டீச்சர். மாப்பிள்ளையின் அம்மா. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவர். கஞ்சி போட்ட காட்டன் புடவை, அளந்து எடுத்த பேச்சு. வந்ததிலிருந்து அவர் சிரிக்கவில்லை என்று அக்கா சமையலறையில் இரண்டு முறை கவலைப்பட்டிருந்தாள். அந்த டீச்சர் போனை எடுத்துப் பேசி முடித்து வைத்ததும், நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா?

“டீச்சர், இது நாற்காலி ஆல்பம் நாலாவது பாட்டுதானே?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கரண்ட் போய் வந்த வீடு மாதிரி ஆனது. ‘உங்களுக்குத் தெரியுமா?’ என்று நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். மதுரையில் ஹாஸ்டலில் இருந்த காலத்தில் ரூம்மேட் ஒருத்தியின் வாக்மேனில் கேட்டாராம். அன்றிலிருந்து இன்றுவரை பரீட்சை பேப்பர் திருத்தும்போதெல்லாம் அதுதான் ஓடுமாம். வீட்டில் ஒருத்தருக்கும் இதில் ஆர்வம் இல்லையாம், பேச ஆள் கிடைக்காதா என்று ஏங்கிப் போயிருந்தாராம்.

இந்த இடத்தில் நான் ‘ஆமாம் டீச்சர், அருமையான ஆல்பம்’ என்று சொல்லியிருந்தால் நித்யாவுக்கு அன்றைக்கே தேதி குறித்திருக்கலாம். நித்யா என் அக்கா மகள். பிசியோதெரபிஸ்ட். தங்கமான பிள்ளை. அவளுக்காகவாவது சொல்லியிருக்கலாம்.

நான் சொன்னது இது: “அவங்க கெட்டுப்போனதே அந்த ஆல்பத்துலதான் டீச்சர்.”

என் வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக மலையைப் பார்க்க ஆரம்பித்தார். டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மெதுவாக, ‘சர்க்கரை கூடிப்போன பாயசம்னு எழுதுனது நீங்கதானா?’ என்றார்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. சந்தோஷம். ஒரு வாசகி வரிக்கு வரி ஞாபகம் வைத்திருக்கிறாரே... பத்தி எழுதுகிறவர்களின் புத்தி அப்படி. பயம் அடுத்த நொடிதான் வந்தது.

“ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரிகிட்ட வந்து இனிப்பு ஜாஸ்தின்னு குறை சொல்லுதீங்களே,” என்றார் டீச்சர்.

அதற்குப் பிறகு நடந்தது பெண் பார்க்கும் சடங்கு இல்லை. பட்டிமன்றம். குடை ஆல்பத்தில் தாளம் தப்புகிறது என்றார் அவர். தப்புவதுதான் அழகு, மூன்றாவது பாட்டு இருமல் உட்பட என்றேன் நான். கணக்கு டீச்சரிடம் தப்புவது அழகு என்று சொல்லலாமா? மூன்றாவது ஆல்பத்தை மட்டும் இருவரும் ஒரே குரலில் திட்டினோம். மாப்பிள்ளையும் நித்யாவும் பின்பக்கம் பேசிவிட்டு வந்து நின்றார்கள், யாரும் அவர்களைக் கவனிக்கவில்லை. காபி ஆறிப்போனது. மாப்பிள்ளையின் அப்பா மட்டும் நிதானமாக எல்லோருடைய மிக்சரையும் சாப்பிட்டு முடித்தார். கிளம்பும்போது டீச்சர் என்னிடம் மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை.

கார் தெருமுனை திரும்பியதும் அக்கா என்னைப் பார்த்த பார்வை... வேண்டாம்.

“ஏட்டி, ஜாதகம் பொருந்துச்சு, பையன் நல்ல பையன், குடும்பம் நல்ல குடும்பம். எவனோ இருமுனதுக்காக எம்மக வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியே.”

‘அது வெறும் இருமல் இல்லக்கா’ என்று விளக்குவதா?

அப்புறம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போன் வரவில்லை. ஒரு நாள் போனது, இன்னொரு நாள் போனது. அக்கா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். குழம்பு கொடுத்தனுப்புவதையும் நிறுத்தினாள், அதுதான் கூடுதல் வலி. நித்யா மட்டும் சாயங்காலம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டு, ‘சித்தி, எனக்கு அவங்களைப் பிடிச்சிருக்கு’ என்றாள். மாப்பிள்ளையைத்தான். அவ்வளவுதான் சொன்னாள்.

யோசித்துப் பாருங்கள். மதம் வேறு, கட்சி வேறு என்றாலும் பல்லைக் கடித்துக்கொண்டு உறவாக இருந்துவிடுகிறோம். ஆனால் ஒரே பேண்டை உயிராக நினைக்கிற இரண்டு பேருக்கு நடுவில் எந்த ஆல்பம் ஒசத்தி என்று வந்துவிட்டால்... தெரியாதவன் தப்பாகச் சொன்னால் சிரிக்கிறோம். தெரிந்தவர் தப்பாகச் சொன்னால்தான் தாங்க முடிவதில்லை. தெரிந்துமா இப்படி என்று சண்டைக்குப் போகிறோம்.

அந்த வார முடிவில் போன் வந்தது. அக்காவுக்கு இல்லை. எனக்கு. டீச்சர் இரண்டே வரி பேசினார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வர வேண்டும். நாற்காலி ஆல்பத்தை முழுசாகக் கேட்டுவிட்டு, பொறவு பேச வேண்டும்.

அக்கா உடனே என்னோடு பேச ஆரம்பித்துவிட்டாள். என்ன பேசினாள்? ‘நல்லா இருக்குன்னு சொல்லிட்டு வா. வேற ஒண்ணும் சொல்லாதே.’ நித்யாவும் பஸ் ஸ்டாண்ட் வரை ஸ்கூட்டியில் கொண்டுவந்து விட்டு அதையே சொன்னாள். நானும் முடிவு பண்ணிவிட்டேன். ஒரு பொய். ஒரு கல்யாணம். என்ன குறைந்துவிடும்? மம்சாபுரம் விலக்கு தாண்டும்வரை பஸ்ஸில் ஒத்திகை பார்த்தேன். ‘பிரமாதம் டீச்சர், இத்தனை நாள் எனக்குக் காது இல்லை.’ பக்கத்து சீட்டில் இருந்த அம்மா கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

டீச்சர் வீட்டில் எல்லாம் தயாராக இருந்தது. மேஜைமேல் ஸ்பீக்கர். இரண்டு நாற்காலி. கணக்கு டீச்சர் அல்லவா, விதிமுறைகளும் இருந்தன. நடுவில் பேசக் கூடாது. ஒரு பாட்டையும் தாண்டக் கூடாது. செல்போன் அடுத்த அறையில். கடைசியாக, ஃபேனை நிறுத்திவிட்டார். அது கர் கர் என்று சத்தம் போடுகிறதாம்.

சித்திரை மாதம், ஸ்ரீவில்லிபுத்தூர், மத்தியானம், ஃபேன் இல்லாமல். இதைவிட ஒரு ரசிகைக்கு என்ன சோதனை வேண்டும்?

முதல் மூன்று பாட்டும் என்னைப் பொறுத்தவரை அதே பாயசம்தான். வியர்வை காதோரம் இறங்கியது. மாப்பிள்ளையின் அப்பா, அதாவது சார், காபி டம்ளர்களோடு அறை வாசல்வரை வந்தார், கண்ணை மூடிக்கொண்டு வேர்த்து வழியும் இரண்டு பெண்களைப் பார்த்தார், சத்தமில்லாமல் அப்படியே திரும்பிப் போனார். பழகினவர்.

நாலாவது பாட்டு. வயலின் ஆரம்பித்தது. நான் பல்லைக் கடித்தேன். அப்போது டீச்சர் தன் விதியைத் தானே மீறினார். என் பக்கம் சாய்ந்து, “வயலினை விடுங்க. கீழ கேளுங்க,” என்று சொல்லி மேஜையில் விரலால் தட்டிக் காட்டினார்.

கீழே... பேஸ் கிட்டார். யாரோ வீட்டுக்குள் யோசனையோடு குறுக்கும் நெடுக்கும் நடக்கிற மாதிரி. வயலின் மேலே என்ன ஆட்டம் போட்டாலும் அது தன் பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கிறது. கடைசியில் வயலின் எல்லாம் அடங்கி, அந்த நடை மட்டும் கொஞ்ச தூரம் போய் நின்றது. என் பழைய டேப் ரெக்கார்டரில் இது கேட்டதே இல்லை. நல்ல ஸ்பீக்கர் வந்த பிறகோ நான் இந்த ஆல்பத்தைத் தொட்டதே இல்லை. எனக்குக் கை சிலிர்த்துவிட்டது. அந்த வெயிலில்.

மீதிப் பாட்டுகளும் ஓடி முடிந்தன. டீச்சர் ஃபேனைப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ‘பிரமாதம் டீச்சர்’ என்று நாக்கு நுனிவரை வந்தது. சத்தியமாக வந்தது. நித்யா கண்ணுக்குள் நின்றாள். ஆனால் இந்த மனுஷி, ஃபேனை நிறுத்திவிட்டு, ஒரு நல்ல இடத்தைக் காட்டித் தந்திருக்கிறார். அவரிடம் போய் எப்படிப் பொய் சொல்வது?

“பொய் சொல்லத்தான் வந்தேன், நித்யாவுக்காக. முடியல டீச்சர். நாலாவது பாட்டுல நான் தோத்துட்டேன். மத்ததெல்லாம் இப்பவும் சர்க்கரை கூடத்தான்.”

சொல்லிவிட்டு எழுந்து போவதற்குப் பையைத் தேடினேன்.

டீச்சர் பையை எட்டி எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, “நித்யாவுக்கும் இதுக்கும் என்ன இருக்கு?” என்றார், நிஜமாகவே புரியாமல். பையன் அன்றைக்குக் காரில் ஏறும்போதே சரி சொல்லிவிட்டானாம். வாரம் முழுக்கப் பேப்பர் திருத்தும் முகாம், காலையில் போனால் இருட்டித்தான் வீடு, அதனால்தான் அக்காவிடம் பேச முடியவில்லையாம். நல்ல நாள் பார்த்து முறையாகப் பேச வேண்டும் என்றும் நினைத்தாராம்.

“மருமவ விஷயம் அன்னைக்கே முடிவாயிட்டு மதினி. உங்க விஷயத்துலதான் எனக்கு ஒரு முடிவுக்கு வர முடியல.”

மதினி! சம்பந்தி உறவு சொல்லிக் கூப்பிட்ட அந்த ஒரு வார்த்தையில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஓடிப்போய் அடுத்த அறையில் இருந்த போனை எடுத்து அக்காவிடம் சொன்னேன். அவள் அழுதாள், சிரித்தாள், குழம்பு எடுத்து வைக்கிறேன் என்றாள்.

போனை வைத்துவிட்டு வந்தால், டீச்சர் அடுத்த குண்டைப் போடுகிறார். முகாமுக்குப் போகும் பஸ்ஸில் வாரம் முழுக்கக் குடை ஆல்பத்தைக் கேட்டாராம், என்னை மடக்குவதற்காக. ‘நீங்க அன்னைக்குச் சொன்ன இருமல் எங்க இருக்கு? எம்புட்டு தடவை கேட்டாலும் வரலியே’ என்றார்.

அவர் போனை வாங்கிக் கேட்டுப் பார்த்தேன். ஆமாம், இல்லை! ஆல்பத்தை மறுபடி வெளியிட்டபோது யாரோ ஒரு புண்ணியவான் சுத்தம் பண்ணுகிறேன் பேர்வழி என்று இருமலைத் துடைத்து எடுத்திருக்கிறான். பாவி. நான் என் பழைய கேசட்டிலிருந்து எடுத்து போனில் வைத்திருப்பதைப் போட்டேன். இந்த முறை நானே எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினேன். மூன்றாவது பாட்டு. பாடகர் உருகுகிறார், உருகுகிறார்... இருமுகிறார்.

டீச்சர் சிரித்தார் பாருங்கள்! என் அக்கா இரண்டு முறை கவலைப்பட்ட அந்த டீச்சர், புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, ‘இன்னொரு தடவை, இன்னொரு தடவை’ என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். சார் எட்டிப் பார்த்தார். அவருக்கும் போட்டுக் காட்டினோம். ‘மருந்து வாங்கிக் கொடுத்தாங்களா இல்லையா?’ என்று மட்டும் கேட்டார்.

கடைசி வரை எது ஒசத்தி என்று முடிவாகவில்லை. ஆகவும் ஆகாது. இப்போது தினமும் சாயங்காலம் போனில் சண்டை. அவர் சொல்கிறார், நான் மறுக்கிறேன், நான் சொல்கிறேன், அவர் மறுக்கிறார். இந்த வயதில் ஒரு புது சிநேகிதி கிடைப்பது சாதாரண விஷயமா?

ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளையும் பெண்ணும் கலந்து பேசி ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருக்கிறார்கள்: மண்டபத்தில் எங்கள் இருவரையும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைக்கக் கூடாது.

அதனாலென்ன... வயர் இல்லாத ஒரு ஜோடி இயர்பட்ஸ், ஆளுக்கு ஒரு காது. தலை நிறைய மல்லிகைப் பூ வைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியப் போகிறது?