பாசி தின்னும் மீனும் ஒரு விடுமுறை நாளும்

அவளுடைய அப்பா என்னைப் பார்க்க வருகிறார் என்றதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நானும் அவளும் விரும்புவது பாரிஸில் எங்கள் ஆட்கள் நிறைந்த லா சப்பல் முழுக்கத் தெரியும். இனி அவர் சம்மதித்தால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை. அப்பாவை மீறி வரமாட்டேன் என்று அவள் முதலே சொல்லிவிட்டாள்.

அவருக்கு என்னில் ஒரே ஒரு குறை. அவர்கள் குளங்கள் நிறைந்த வன்னி, நான் கடலோர யாழ்ப்பாணம். "உவங்கள் எங்களை மதிக்க மாட்டாங்கள் பிள்ளை" என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். சரி, மார்க்ஸ் டோர்மோயில் இருக்கும் என் அறைக்கே கூப்பிட்டு, என் கையால் சமைத்துப் போட்டு மனிதரை மயக்குவதென்று தீர்மானித்தேன். பாரை மீன் குழம்பு. அதற்கு மயங்காத ஆளை நான் இன்னும் காணவில்லை.

அன்று அரச விடுமுறை. காலையிலேயே துள்ளிக்கொண்டு எங்கள் ஆட்களின் மீன் கடைக்குப் போனால், பெட்டி வெறுமை.

"இண்டைக்கு மீன் இறக்கேல்லைத் தம்பி" என்றார் கடைக்காரர், என்னை ஒரு மாதிரிப் பார்த்து.

ஏன் என்று கேட்க எனக்குப் பொறுமை இல்லை. நேரே ஆப்பிரிக்கக் கடைக்கு ஓடினேன். அங்கே ஒரு மீன் கிடந்தது, என் கை நீளம், மூக்குக்குக் கீழே தடித்த உதடு. மாலி நாட்டு ஆற்று மீன், கல்லில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்றே இவ்வளவு வளரும் என்று கடைக்காரப் பெண் தன் பிள்ளையைப் புகழ்வது போலப் புகழ்ந்தார்.

ஆற்று மீனா! எங்கள் வீட்டுச் சட்டிக்குள் கடல் மீனைத் தவிர வேறு மீன் இறங்கியதே இல்லை. நல்லதண்ணீர் மீன் சேறு மணக்கும் என்று அம்மா முகத்தைச் சுளிப்பார். ஆனால் எனக்கு வேறு வழி இல்லை. உறைந்து கட்டையாகக் கிடந்ததை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். வீதியில் போனவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

மஞ்சளும் உப்பும் போட்டு மூன்று தரம் கழுவினேன். பழப்புளி, வெந்தயம், தேங்காய்ப்பால் எதிலும் குறை வைக்கவில்லை. உப்புப் பார்க்க ஒரு துண்டை வாயில் வைத்தேன். ஐயோ, என்ன ருசி! முள் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். கை திரும்பவும் சட்டிக்குள் போனது.

மணி அடித்தது. கதவைத் திறந்தால் நெற்றி நிறையத் திருநீறு, கையில் அர்ச்சனைப் பையோடு அவர். பின்னால் நின்ற அவள் மணம் பிடித்தாள், கண்ணை விரித்தாள்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை" என்றாள் மெதுவாக.

விடுமுறை என்றாலே எனக்குச் சனிக்கிழமை. மீன் கடைக்காரரின் பார்வை அப்போதுதான் விளங்கியது. வெள்ளிக்கிழமை, கோயிலிலிருந்து நேரே வந்த மனிதருக்கு மீன் குழம்பு! வாய் தன்பாட்டில் பேசியது.

"அங்கிள், இந்த மீன் பாசி மட்டும்தான் தின்னும். கிட்டத்தட்ட மரக்கறி."

அவள் சிரிப்பை அடக்க முடியாமல் வாசலிலேயே குந்திவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. நேரே அடுப்படிக்குப் போய் மூடியைத் திறந்து பார்த்தார்.

"இது கடல் மீன் இல்லையே. எங்கட குளத்துக் கெண்டைச் சாதியெல்லோ?"

"ஓம் அங்கிள். ஆற்று மீன்."

"உங்கட ஆக்கள் உதைத் தின்ன மாட்டினமே."

எனக்கு மெத்தப் பிடிக்கும் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல மனம் வரவில்லை.

"மாட்டினம் அங்கிள். நானும் இண்டைக்குத்தான் முதல் தரம். பாரை கிடைக்கேல்லை, அதுதான் வாங்கினனான். ஆனா, உப்புப் பாக்கிறன் எண்டு மூண்டு துண்டை முடிச்சிட்டன்."

மனிதரின் தோள் குலுங்கத் தொடங்கியது. சிரித்துச் சிரித்து என் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு மூவரும் பாணும் வாழைப்பழமும் தின்று தேத்தண்ணி குடித்தோம். அவர் கல்யாணப் பேச்சையே எடுக்கவில்லை. நான் வாழைப்பழத் தோலை நார் நாராகக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

போகும்போது சப்பாத்தை மாட்டிக்கொண்டு, என்னைப் பாராமல் மகளிடம் சொன்னார்.

"நாளைக்கு மத்தியானம் சாப்பிட வாறம். மீன் தலை எனக்கு, ஆரும் தொடக்கூடாதெண்டு மருமோனிட்டைச் சொல்லு."

"ஓம் மாமா!" என்று நான் கத்தியது கீழ்மாடி வரை கேட்டிருக்கும்.