ஜன்னல் திரையில் ஆறு அவுன்ஸ்

1978 மே 14 — 284, 289
ஜூன் 11 — 286, 288
ஜூலை 9 — 285, 290
ஆகஸ்ட் 13 — 293, 291 (நீக்கியது)
அக்டோபர் 29 — 290,

முதல் எண் ஆர்வில் டெஸ்டாலுடையது. இரண்டாவது நெட்டி ஹார்கனுடையது. இருபத்தைந்து கெஜ தூரம், முப்பது குண்டு, முந்நூறு புள்ளிக்கு.

ஆர்வில் அயோவாவில் பண்ணை வீடுகளுக்குத் தபால் கொண்டுபோகிறவர். நெட்டி மொன்டானாவில் ஆட்டுப்பண்ணை நடத்தும் விதவை. இருவரும் நேரில் பார்த்ததில்லை. அவரவர் இடத்தில் சுட்டு, துளை விழுந்த இலக்குத் தாளைத் தபாலில் அனுப்புவார்கள். புள்ளியை எதிராளி சரிபார்ப்பார். பதினோரு வருடத்தில் ஆர்வில் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. கண்ணில் புரை விழுகிறது, ஆகஸ்டோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று நெட்டி மே மாதமே எழுதியிருந்தார்.

அதனால் அந்த வருடம் ஆர்வில் சமையலறை மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை. எனாமல் தட்டில் ரிவால்வரின் உறுப்புகள் எண்ணெய் மினுக்கத்தோடு கிடக்கும். மெல்லிய சாணைக்கல்லால் இரண்டு இழுப்பு, பூட்டிப் பார்ப்பது, மறுபடி இரண்டு இழுப்பு. ஒவ்வொரு இழுப்பும் நோட்டில் ஏறும். பழுத்த பிளம் காம்பை விட்டு விலகுவதுபோல் விசை விலக வேண்டும். விரலுக்கே தெரியக் கூடாது. ஆனால் விதி ஒன்று உண்டு. விசை இரண்டரை பவுண்டைத் தாங்க வேண்டும். அதற்கென்று ஒரு காபி டப்பாவில் ஈயக் குண்டுகளைப் போட்டு, தபால் நிலையத் தராசில் நிறுத்து வைத்திருந்தார். குண்டில்லாத துப்பாக்கியின் விசையில் டப்பாவை மாட்டித் தூக்குவார். குண்டைத் தட்டும் சுத்தி விழாவிட்டால் சரி.

ஆகஸ்டில் 293 வந்தது. இலக்குத் தாளைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனார். 'கடைசியில பிடிச்சிட்டீங்க' என்று நெட்டி எழுதினார்.

செப்டம்பரில் ஒரு பிற்பகல். வெளியே சோளக்காடு முழுவதும் காற்றில் புரண்டுகொண்டிருந்தது. மேஜையில் கன்னத்தை ஊன்றி அரைத் தூக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்த ஆர்விலுக்கு, கனவில் எதையோ மறந்துவிட்டதுபோல் இருந்தது. உலகமே அசைந்தது, ஜன்னல் திரை மட்டும் அசையவில்லை. எழுந்து போய் அதன் ஓரத்தைத் தடவினார். மடிப்புக்குள் சின்னச் சின்ன உருண்டைகள்.

"லவோன், இந்தத் திரைக்கு என்ன ஆச்சு?"

"இப்பதான் கண்ணுல பட்டுச்சா?" என்றாள் மனைவி. "ஜூலையிலேயே தைச்சேன். திரை பறந்து எண்ணெயில பஞ்சு விழுதுன்னு நாள்பூரா புலம்பினது யாரு?"

"குண்டு ஏது?"

"உன் காபி டப்பாதான். ஒரு கை அள்ளினேன். அது இருந்த கனத்துக்கு அதுல என்ன குறைஞ்சிடப் போகுது?"

தபால் நிலையத் தராசு சொன்னது: இரண்டு பவுண்டு இரண்டு அவுன்ஸ். பவுண்டுக்குப் பதினாறு அவுன்ஸ் என்றால், ஆறு அவுன்ஸ் குறைவு. கடைசியாக விசையைச் சீர்செய்தது ஜூலை 30, இந்தக் குறைந்த டப்பாவை மாட்டித்தான். நோட்டில் இருந்தது.

"அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் லவோன். "மொன்டானாவுலேருந்து வந்து என் திரையைத் தடவிப் பாக்கப் போறாங்களா?"

"எனக்குத் தெரியுதே."

"பதினோரு வருஷம் தோத்தவன் ஒரு தடவை ஜெயிச்சா, அதையும் திருப்பிக் குடுக்கணுமாம்! எழுது, போ. ஸ்டாம்பு மேல் டிராயர்ல இருக்கு."

நெட்டியின் பதில் பத்து நாளில் வந்தது. 'ஆகஸ்டை நீக்கியாச்சு. உங்க வீட்டம்மாவுக்கு நல்ல தையல் கை, ஆறு அவுன்ஸ் தாங்குதே! அக்டோபர் கடைசி ஞாயிறு இன்னொரு தடவை சுடுவோம். இடது கண்ணு பாலாப் போச்சு. வலது இன்னும் மிச்சம் இருக்கு.'

ஆர்வில் டப்பாவை நிரப்பி மூன்று முறை நிறுத்தார். விசையை இலகுவாக்கக் கழற்றி, பெயர் எழுதி எடுத்துவைத்திருந்த பழைய சுருள்வில்லை ரிவால்வரில் திரும்பப் பூட்டினார். விசை கொஞ்சம் கனத்தது. மணல் குழியில் பனி மூட்டத்துக்குள் சுட்டார்: 290. சாட்சியாக லவோன் கையுறையோடே கையெழுத்திட்டாள்.

நெட்டியின் இலக்குத் தாளும் கடிதமும் வந்த அன்று, தபால் நிலையத்தில் அந்த உறையை மற்ற தபாலோடு வகைப்படுத்தி அடுக்கியதும் அவர்தான். அவர் வீடு பாதையில் அறுபத்தொன்றாவது, கடைசி. அறுபது வீட்டுக்கும் போட்டுவிட்டு, தன் பெட்டியிலும் போட்டு மூடினார். வண்டியை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி, நடந்து வந்து எடுத்தார்.

'ரெண்டு ஓட்டை பத்துப் புள்ளி வட்டத்தோட கோட்டைத் தொடுதா இல்லையான்னு எனக்குத் தெரியல. கோடே ரெண்டு ரெண்டா தெரியுது. தொடலேன்னா 289, ரெண்டும் தொட்டா 291. நீங்களே பாருங்க. உங்க கண்ணு போதும் எனக்கு.'

திரையை ஒதுக்கினார். கையில் கனமாக நகர்ந்தது. வெளிச்சத்தில் பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"என்ன?" என்றாள் லவோன்.

"தொடுது."

"ரெண்டுமா?"

"ஒண்ணு நல்லாவே. இன்னொண்ணு முடியளவு."

அவள் காபி ஊற்றி வைத்தாள். ஆர்வில் நோட்டைத் திறந்து, காலியாக இருந்த இடத்தில் 291 என்று எழுதினார். அதன் கீழே:

கடிதம் வந்தது — 1978 நவம்பர் 14, செவ்வாய்.