சமயபுரம் என்று சொன்னேன்

என் மகளுக்கு முடி போனது சாமிக்காக அல்ல. இதை முதலில் எழுதிவிடுகிறேன். ஏனென்றால் இரண்டு மாதம் நான் ஊருக்கெல்லாம் சொன்னது வேறு.

அவளுக்கு ஐந்து வயது. ரத்தப் புற்றுநோய் என்று தில்லை நகரில் ஒரு மருத்துவமனையில் சொன்னார்கள். சிகிச்சை தொடங்கிய மூன்றாவது வாரம் தலையணையில் முடி கொத்துக் கொத்தாகக் கிடந்தது. மிச்சத்தை என் கணவர் தன்னுடைய டிரிம்மரால் எடுத்துவிட்டார். மறுநாள் காலை ஊசிக்காக அவளைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தேன். எதிர்வீட்டு அக்கா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அட, மொட்டையா! திருப்பதியா, சமயபுரமா?"

ஸ்ரீரங்கத்தில் ஒரு குழந்தையின் மொட்டைத் தலைக்கு இந்த இரண்டு பதில்கள்தான் உண்டு. கேட்பவரே இரண்டையும் எடுத்து நீட்டிவிடுகிறார். நான் ஒன்றைத் தொட்டால் போதும்.

"சமயபுரம்க்கா."

"ஆத்தா பாத்துக்குவா. வெயிலுக்கும் நல்லது" என்று சொல்லி அவள் தலையைத் தடவக் கை நீட்டினார். கோலமாவு ஒட்டிய கை. நான் ஒரு படி இறங்கிவிட்டேன்.

என் கணவர் ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கிறார். அன்று மாலை அவரிடம் இதைச் சொன்னபோது, "நல்லதாப் போச்சு. அப்படியே சொல்லு" என்றார். "பொம்பளப் புள்ள. சரியாயிடும்னு டாக்டரே சொல்றாங்க. சரியானப்புறமும் இந்தப் பேச்சு நிக்கும். நாளைக்கு ஒரு இடம் வந்தா என்ன பண்ணுவ?"

அவள் யு.கே.ஜி. படிக்கிறாள். அவளுக்கு அவர் அதற்குள் மாப்பிள்ளை பார்த்துவிட்டார். அவர்மேல் பழியைப் போட்டுவிடுவது எளிது, பல நாள் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் இதைச் சொன்னது மாலையில். பொய் காலையிலேயே என் வாயிலிருந்து வந்துவிட்டது. நான் எம்.எஸ்சி. படித்தவள். நான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவள். எது தொற்றும், எது தொற்றாது என்று கரும்பலகையில் இரண்டு பத்தி பிரித்து எழுதிப் போட்டவள். யாராவது என் மகளைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் ஒன்றுதான் எனக்கு இருந்தது. வேறு காரணம் தேடிப் பார்க்கிறேன். கிடைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அக்கா கேட்டார். "ஏம்மா, சமயபுரம் போயிட்டு வந்த, பிரசாதம் கண்ணுலயே காட்டலையே?"

ராஜகோபுரத்துக்குப் பக்கத்துக் கடையில் குங்குமமும் மஞ்சளும் வாங்கினேன். கடைப் பெயர் போட்ட கவரைப் பிரித்து எறிந்துவிட்டு, செய்தித்தாளில் மடித்தேன். பூக்காரம்மாவிடம் இரண்டு கொத்து வேப்பிலை கேட்டு வாங்கி உள்ளே வைத்தேன். குங்குமத்தை அவர் கேட்டார், கொடுத்தேன். வேப்பிலையை யாரும் கேட்கவில்லை. அதை நானாகச் சேர்த்தேன். அக்கா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, உள்ளே போய்த் தன் மகள் நெற்றியில் வைத்துவிட்டு வந்தார்.

அக்கா மருங்காபுரிப் பக்கம். கணவருக்கு இங்கே ஃபேக்டரியில் வேலை. அவருடைய மகளும் என் மகளும் ஒரே வயது, ஒரே வகுப்பு. மாத்திரைகளால் என் மகளின் முகம் ஊதி, கன்னம் உப்பிப்போனபோது அக்கா சந்தோஷப்பட்டார். "முடி எறக்குனதும் புள்ள எப்படித் தேறிடுச்சு பாரு!" நான் சிரித்து வைத்தேன். மாஸ்க் எதற்கு என்றால் தூசி அலர்ஜி. ஸ்கூலுக்கு ஏன் வரவில்லை என்றால் மஞ்சள் காமாலை. என் மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஆட்டோவில், "அம்மா, முடியை வாங்கிக்கிட்ட சாமி ஊசியையும் வாங்கிக்காதா?" என்று கேட்டாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

எதிர்வீட்டுச் சிறுமி விளையாடக் கேட்டு வரும்போதெல்லாம் தூங்குகிறாள், சாப்பிடுகிறாள், குளிக்கிறாள் என்று அனுப்பிக்கொண்டிருந்தேன். மருத்துவமனையில் கொடுத்த தாளில் எதையெல்லாம் தவிர்க்க வேண்டும் என்று இருந்தது. அதில் சின்னம்மைக்குக் கீழே டாக்டரே பேனாவால் இரண்டு கோடு போட்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாக்கு தீர்ந்துபோனது. அந்தச் சிறுமி வாசலில் நின்றாள். என் மகள் உள்ளே நின்று என் முகத்தைப் பார்த்தாள். இருமல் இல்லை, மூக்கு ஒழுகவில்லை என்று பார்த்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உள்ளே விட்டேன். இரண்டு மணி நேரம் தரையில் உட்கார்ந்து களிமண்ணில் இட்லி செய்தார்கள். பல வாரம் கழித்து என் மகள் சத்தம் போட்டுச் சிரித்ததைக் கேட்டுக்கொண்டே நான் துணி மடித்தேன். நிம்மதியாக இருந்தேன் என்பதும் உண்மை.

செவ்வாய்க்கிழமை காலை எதிர்க்கதவில் வேப்பிலை கட்டியிருந்தது. கதவு சாத்தியிருந்தது. நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே போன் அடித்தது. அக்காதான்.

"பயந்துக்காதம்மா. பாப்பாவுக்கு அம்மா போட்டிருக்கு. நேத்து ரெண்டு முத்து, இன்னிக்கு ஒடம்பு பூரா. நீ சமயபுரம் போயிட்டு வந்த, ஆத்தா பின்னாடியே கெளம்பி எங்க வீட்டுக்கு வந்துட்டா பாரேன்!" என்று சிரித்தார்.

மருத்துவமனையில் டாக்டரம்மா முதலில் கேட்டது, எப்போது சேர்ந்து விளையாடினார்கள் என்று. ஞாயிற்றுக்கிழமை என்றேன். கொப்புளம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே தொற்றும் என்றார். அதுவும் எனக்குத் தெரியும். இந்த உடம்பில் அம்மை வந்தால் நுரையீரலுக்குப் போய்விடலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். நரம்பு வழியாக ஒரு மருந்து ஏற்றலாம், ஏற்றினாலும் வந்தால் வரும், இருபத்தெட்டு நாள் பார்க்க வேண்டும், அதுவரை அடுத்த கீமோ தள்ளிப் போகும் என்றார்.

"பக்கத்துல இருக்கிறவங்களுக்குத் தெரியாதாம்மா, கொழந்தைக்கு என்னன்னு?"

"சொல்லலை டாக்டர்."

அவர் திட்டவில்லை. எழுதிக்கொண்டே போனார்.

மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது வராந்தாவுக்கு வந்து அக்காவுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும், லைன் போய்விட்டதோ என்று "அக்கா" என்றேன்.

"அப்ப எம் பொண்ணுதான் கொடுத்துட்டாளா?"

"இன்னும் ஒண்ணும் வரலைக்கா…"

"வந்தா? வந்து ஏதாவது ஆனா? காலம் பூரா அது எம் பொண்ணு தலையில நிக்காதா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்க வாசப்படிய மிதிக்க விட்டிருப்பேனா?" அதுவரை என்னை 'நீ' என்றே பேசியவர். "அந்தக் குங்குமம்?"

"கடையில வாங்கினதுக்கா."

"ஒங்க பொண்ணுக்குப் பின்னாடி ஒரு பேச்சு வந்துடக் கூடாதுன்னு பாத்தீங்க. எம் பொண்ணுக்கு?"

அவர் வைத்துவிட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு போன் வந்தது. "இன்னிக்கு?" என்றார். நான் அப்போதுதான் மகளின் சட்டையைக் கழற்றி, முதுகு, அக்குள், காதுக்குப் பின்புறம் எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்து முடித்திருந்தேன். "இல்லைக்கா" என்றேன். வைத்துவிட்டார். அதற்கு அடுத்த நாளும் ஏழு மணி. இரண்டு கதவுகளுக்கும் நடுவே பத்தடிகூட இருக்காது. அவர் குரல் சிலநாள் போனிலும் கதவு வழியாகவும் சேர்ந்து கேட்டது. இருபத்தெட்டு நாளும் ஒரே கேள்வி, ஒரே பதில். ஒருநாள் வியர்க்குருவைப் பார்த்துவிட்டு நான் பதில் சொல்லத் தயங்கினேன். அவர் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. "வேர்க்குருதான்" என்று சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார்.

அம்மை வரவில்லை. இருபத்தெட்டாம் நாள் டாக்டரம்மா சரி என்றார். "ஒண்ணும் ஆகலைல்ல, விடு" என்றார் என் கணவர். அந்த இருபத்தெட்டு நாளில் ஒருநாள்கூட அவர் அவள் முதுகைப் பார்க்கவில்லை. பயம் என்கிறார். இருக்கலாம். எனக்குப் பயப்பட நேரம் கொடுத்தவர் யார் என்றுதான் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

அக்காவின் போன் நின்றது. படியில் எதிர்ப்பட்டால் சுவரோரம் ஒதுங்கி வழி விடுகிறார். அவர் யாரிடமோ சொல்லியிருக்க வேண்டும், இல்லை வேப்பிலைக் கதவையும் என் ஆஸ்பத்திரி ஓட்டத்தையும் பார்த்து அவர்களே சேர்த்துக்கொண்டிருக்க வேண்டும். இப்போது மாடி முழுக்கத் தெரியும். என் மகள் பால்கனிக்கு வந்தால் கீழே விளையாடும் குழந்தைகளை உள்ளே கூப்பிடுகிறார்கள். எங்களுக்காகக் கூப்பிடுகிறார்களா, தங்களுக்காகவா என்று தெரியவில்லை.

"வேற எடம் பாத்துடலாம்" என்றார் கணவர். "உறையூர்ப் பக்கம். அங்க யாருக்கும் நம்மளத் தெரியாது."

முடியாது என்று சொன்னேன் என்று எழுத ஆசைதான். ஆனால் போய்ப் பார்த்தேன். மகளை அவரிடம் விட்டுவிட்டு நான் மட்டும் போனேன். மாடிப் போர்ஷன், இரண்டு அறை, நல்ல காற்று. வீட்டுக்கார அம்மா எத்தனை பேர் என்று கேட்டார். மூன்று பேர் என்றேன். தண்ணீர் எப்போது வரும் என்று சொன்னார். குழந்தைக்கு என்ன வயது என்று கேட்டார், சொன்னேன். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை. எவ்வளவு எளிதாக இருந்தது என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

கீழே இறங்கும்போது படியில் சின்னச் செருப்புகள் கிடந்தன. நான்கு ஜோடி, ஒன்றின்மேல் ஒன்றாக. தாண்டி இறங்கித் தெருவுக்கு வந்துவிட்டேன். வண்டியையும் எடுத்துவிட்டேன். பிறகு ஸ்டாண்ட் போட்டுவிட்டுத் திரும்பி ஏறிப் போய், வாசலில் நின்றே சொன்னேன். நோயின் பெயரையும் சொன்னேன். இந்தக் குழந்தைகளுக்குச் சளியோ காய்ச்சலோ அம்மையோ வந்தால் எனக்கு உடனே தெரிய வேண்டும் என்றும் சொன்னேன்.

அந்த அம்மா மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார். "வீட்டுல அவுககிட்டக் கேட்டுட்டு போன் பண்றேங்க" என்றார்.

மூன்று வாரம் ஆகிறது. போன் வரவில்லை.