ஏழாம் ஆணி

ஸ்டெல்லா ஆன்ட்டி இறந்துவிட்டார். காலையில் அவர் மகள் ஷீலா அக்கா பெங்களூரிலிருந்து மெசேஜ் அனுப்பியிருந்தார்.

எங்கள் லைனில் எல்லோரும் ஸ்டேட்டஸ் போட்டுவிட்டார்கள். மெழுகுவர்த்திப் படம், கைகூப்பும் படம்... நானும் போடப் போனை எடுத்தேன். கை வரவில்லை.

நான் இங்கே எதுவும் எழுதுகிற ஆள் இல்லை. லைக் போடுவதோடு சரி. இன்று மட்டும்.

தெரியாதவர்களுக்கு... மாரிகுப்பத்தில் எங்கள் லைன் என்பது ஒரே வரிசையில் ஒட்டி ஒட்டிப் பதினான்கு வீடுகள். தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்காகக் கட்டியது. நான் பிறப்பதற்கு முன்பே சுரங்கத்தை மூடிவிட்டார்கள்.

சாக்கடை அடைத்துக்கொண்டிருக்கும். முள்செடி வாசல்வரை வரும். கடைசி வீட்டில் ஆளே இல்லை, பாதிக் கூரை விழுந்து கிடந்தது. பாம்பு வீடு என்போம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆன்ட்டி சர்ச்சுக்குக் கட்டிய புடவையோடேயே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சாக்கடையில் இறங்கினார்.

"இன்னா எல்லாரும் நின்னு வேடிக்க பாக்கிறீங்க? சினிமாவா ஓடுது? எறங்குங்க."

இறங்கினோம். ஆனால் அடுத்த ஞாயிறு பாதிப் பேர் வரவில்லை.

மூன்றாம் வீட்டு முருகேசன் மாமா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். "போர்டு மாட்டுனாதான் நம்ம ஜனம் வரும்" என்று குழாயடியில் ஒரு பலகையை மாட்டி, வீட்டுக்கு ஒன்றாகப் பதினான்கு ஆணி அடித்தார்.

சுரங்கத்தில் அப்படித்தானாம். உள்ளே இறங்கும்போது தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனைப் பலகையிலிருந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். மேலே வந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். ஆணி காலி என்றால் ஆள் உள்ளே இருக்கிறார்.

ஒவ்வொரு வீட்டிலும் பழைய டோக்கன் ஒன்று பெட்டிக்குள் கிடந்தது. எல்லாம் வெளியே வந்தது. ஏழாம் ஆணியில் ஆன்ட்டி, இறந்துபோன தன் வீட்டுக்காரரின் டோக்கனை மாட்டினார்.

அதற்குப் பிறகு யாரும் வராமல் இருக்கவில்லை. எடுக்காத டோக்கன் ஊருக்கே தெரியுமே... முள் போனது. சாக்கடை ஓடியது. பாம்பு வீட்டுக்குப் புது ஷீட் போட்டு, நீலப் பெயின்ட் அடித்தோம். பாம்பு ஒன்றுகூட இல்லை.

அந்த வீடு குழந்தைகளுக்கு என்றார் ஆன்ட்டி. எங்கள் லைனில் நிறைய அம்மாக்கள் விடியற்கால ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். என் அம்மாவும்தான். தங்கச்சியைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் ஒன்பதாவதோடு நின்றேன்.

"நீ எப்படியும் ஒண்ண பாத்துக்கிற. கூட ஒம்போது. இன்னா இப்போ?"

"அவங்க அம்மாங்ககிட்டலாம் எனக்குப் பேச வராது ஆன்ட்டி."

"வாய்க்குப் பூட்டு போட்டுகினு சாவிய எங்க போட்ட? பேசறதுக்கு நான் இருக்கேன். நீ கொழந்தைங்கள பாரு."

பதினான்காம் ஆணிக்கு டோக்கன் இல்லை. ஆன்ட்டி ஒரு பிஸ்கட் டப்பா மூடியை வட்டமாக வெட்டி, ஆணியால் 14 என்று குத்தி என் கையில் கொடுத்தார். தினமும் காலையில் அதை எடுத்துக்கொண்டுதான் கதவைத் திறப்பேன்.

குழந்தைகள் என்னை மிஸ் என்று கூப்பிட்டார்கள். என்னை...

லைன் வீடுகள் எல்லாம் இன்னும் சுரங்கக் கம்பெனி பேரில்தான். அப்புறம் ஒரு நாள், கடைசி வீட்டை யார் திறந்தது என்று பார்க்கக் கம்பெனி ஆபீஸிலிருந்து வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். குழாயடியில் கூடினோம்.

"நான் பேசிக்கிறேன். எல்லாரும் பக்கத்துல நில்லுங்க, போதும். யாரும் தனியாப் போய் கையெழுத்து கிய்யெழுத்து போட்டுறாதீங்க." சொன்னது ஆன்ட்டிதான்.

அவர்கள் வந்த அன்று எல்லோரும் டோக்கனை எடுத்துக்கொண்டு வந்து நின்றோம். ஆன்ட்டியைக் காணோம். வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது.

ஆனால் ஏழாம் ஆணி காலி.

"டோக்கன் எடுத்துகினாங்க சார். இங்கதான் எங்கனா இருப்பாங்க. வந்துருவாங்க" என்றார் முருகேசன் மாமா. ஒருத்தருக்கும் போன் செய்து பார்க்கத் தோன்றவில்லை. ஆணி காலியாக இருக்கிறதே... ஆபீஸருக்கு இரண்டு தடவை டீ கொடுத்தோம்.

இரண்டாவது டீக்குப் பிறகு அவர் ஃபைலிலிருந்து ஒரு பேப்பரை எடுத்தார். "இவருக்காகவா காத்திருக்கிறீர்கள்?" என்று கன்னடத்தில் கேட்டார்.

கடைசி வீட்டுக்கும் தனக்கும் சம்பந்தம் இல்லை, அங்கே நடப்பது எதுவும் தனக்குத் தெரியாது என்று எழுதியிருந்தது. கீழே ஆன்ட்டியின் கையெழுத்து. முருகேசன் மாமா சத்தமாகப் படித்தார். பிறகு இன்னொரு முறை, சத்தமில்லாமல்.

"அப்போ யார் பார்த்துக்கொள்கிறீர்கள்?" என்றார் ஆபீஸர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

ஒன்பது குழந்தைகளின் பெயரையாவது சொல்லியிருக்கலாம். வரவில்லை. பாயை எல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பூட்டினார்கள். என் தகர டோக்கனைத் திரும்ப மாட்டினேன்.

ஆன்ட்டி முந்தின நாளே ரயில் ஏறி மகள் வீட்டுக்குப் போயிருந்தார். டோக்கனோடு. அவர் வீட்டையே எடுத்துக்கொள்வோம் என்று யாரோ பயமுறுத்தினார்களாம். இருக்கலாம். அதை என்னிடம் சொல்லியிருக்கலாம். எத்தனை போன் செய்தேன், ஒன்றையும் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் டோக்கன் எடுப்பதில்லை. இரண்டு அம்மாக்கள் வேலையை விட்டுவிட்டார்கள்.

இன்றைய மெசேஜில் ஷீலா அக்கா கடைசியாக ஒன்று எழுதியிருந்தார். "அம்மா பர்ஸ்ல அப்பாவோட டோக்கன் இருந்துச்சும்மா. சவப்பெட்டிக்குள்ள அம்மா கையிலயே வெச்சு அனுப்பப் போறோம்."

'அது போர்டுக்கு வேணும்க்கா' என்று டைப் செய்தேன். அழித்தேன். 'சரிக்கா' என்று அனுப்பினேன்.

இப்போது குழாயடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஏழாம் ஆணி காலியாகத்தான் இருக்கிறது.

அந்தப் போர்டின்படி நீங்கள் இன்னும் வேலையில்தான் இருக்கிறீர்கள், ஆன்ட்டி.

அன்றைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு நின்றோம்.

போய்ட்டு வாங்க.