தவிட்டு உருண்டை தின்ற மார்கழி

தவிட்டை வெறும் சட்டியில் போட்டு இளஞ்சூட்டில் வறுத்தால் முதலில் மாட்டுக்கொட்டகை வாடைதான் எழும். கை ஓயாமல் கிளறிக்கொண்டே இருந்தால் அந்த வாடை மெல்ல மாறி, வேர்க்கடலை வறுபடுவதுபோன்ற ஒரு மணம் அடுப்படி முழுவதும் பரவும். மலாக்காவை அடுத்த சுங்கை ஊடாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பள்ளி விடுமுறைக்கு நான் வந்திருந்த ஒரு மார்கழியில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் மற்ற வீடுகள் பொங்கலுக்கு நெய் உருக்கிக்கொண்டிருக்க, எங்கள் வீட்டில் மட்டும் இந்த மணம் வீசியது.

எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு அன்றும் கூச்சமில்லை, இன்றும் இல்லை. அப்பாவும் அம்மாவும் ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டுகிறவர்கள், கையெழுத்துக்குப் பெருவிரல்தான். தோட்டத்துப் பள்ளியின் கடைசி வகுப்பை நான் முடித்தபோது, அங்கே வந்துபோய்க்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார மிஷன் அம்மாள் என்னை மலாக்கா டவுனில் ஒரு பெண்கள் பள்ளியில் சேர்த்து, விடுதியிலும் இடம் வாங்கிக் கொடுத்தார்.

புறப்படுமுன் அம்மா என்னை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சூடத்தின்மேல் சத்தியம் வாங்கிக்கொண்டாள். விடுதிக் குசினியில் என்ன கறி வேகிறதென்று நமக்குத் தெரியாது. ஆகையால் கறி, குழம்பு, மீன், முட்டை எதையும் தொடக்கூடாது. சோறு மட்டும் தின்ன வேண்டும். அதில் அம்மாவுக்கு வருத்தம் ஒன்றுமில்லை. விடுதியில் போடுவது மல்லிகைப்பூ மாதிரி வெள்ளைச் சோறு என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். நாங்கள் தோட்டத்தில் தின்றது புழுங்கலரிசி. பழுப்பு நிறம், ஒருவித வாடை. "தொரை வீட்டுச் சோறு" என்று லயத்துப் பெண்கள் சொல்லும் வெள்ளைச் சோற்றை மூன்று வேளையும் தின்னப்போகிற பிள்ளைக்குக் குழம்பு எதற்கு என்று அவள் நினைத்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன். மற்றப் பிள்ளைகள் மீனும் முட்டையுமாகத் தின்ன, நான் வெள்ளைச் சோற்றில் உப்பும் ஊறுகாயும் சேர்த்துப் பிசைந்து, அதையே பெரிய விருந்தாக எண்ணித் தின்றுவந்தேன்.

அந்த ஆண்டு முடிவில் விடுமுறைக்கு வந்து பஸ்ஸைவிட்டு இறங்கியபோது என் முகம் உப்பியிருந்தது, கால்கள் தடித்திருந்தன. லயத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். டவுன் சோறு நன்றாக ஒட்டிக்கொண்டது, கன்னத்தைப் பார், காலைப் பார் என்று ஆளாளுக்கு என் கையைக் கிள்ளிப் பார்த்தார்கள். காய்ச்சலும் சோகையுமாக எப்போதும் இளைத்தே கிடக்கும் எங்கள் ஊரில், உடம்பு பருத்தால் அது நலம். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. அம்மாவின் முகத்தில் அன்று இருந்த பெருமையை நான் வேறெப்போதும் கண்டதில்லை. கடைக்கு ஓடிப்போய் எனக்கென்று தனியாக வெள்ளையரிசி வாங்கிவந்து, தனிப் பானையில் வடித்தாள். அப்பாவுக்கும் தம்பிக்கும் புழுங்கல் சோறு. எனக்கு மட்டும் "டவுன் சோறு".

மார்கழியில் விடியற்காலை கோயிலில் பஜனை நடக்கும். அது முடிந்தால் சுண்டலும் வெண்பொங்கலும் வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுப்பார்கள். ஒருநாள் பஜனை முடிந்து எல்லாரும் எழுந்தார்கள், நான் எழவில்லை. எழ முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே என் கால்கள் யாருடைய கால்களோபோல் மரத்துக் கிடந்தன. அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, என்னைக் கைத்தாங்கலாகத் தூக்கிக்கொண்டே வாயை மூடாமல் வந்தாள்.

"டவுன் படிப்பு காலுக்கு எறங்கிடுச்சுலா. பேசாம அடுத்த லயத்துலயே ஒரு மாப்பிள்ளையப் பார்த்துக் கட்டிக் குடுத்துடு தம்பி. புள்ள ரொம்பத் தூரம் நடக்க வேண்டியதில்ல."

அத்தை வேடிக்கையாகச் சொன்னதை அப்பா வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. படித்தது போதும், விடுதிக்கு எடுத்துப்போகும் பெட்டி இனிமேல் பரணில் இருக்கட்டும் என்றார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். கால் மரத்ததைவிட அந்தப் பெட்டி பரணுக்குப் போனதுதான் எனக்கு வலித்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற "டிரசர் ஐயா" யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். என் முழங்காலுக்குக் கீழே பெருவிரலை வைத்து அழுத்திவிட்டு எடுத்தார். அந்த இடத்தில் ஒரு குழி விழுந்து, அப்படியே நின்றது. பிசைந்த மாவில் விரல் பதிந்தமாதிரி இருந்தது. அம்மா அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இது சதை இல்லை, நீர் என்றார் டிரசர். நான் தின்றதையெல்லாம் கேட்டறிந்துவிட்டு, தீட்டித் தீட்டி வெளுத்த அரிசியில் சத்து இல்லை, சத்தெல்லாம் தவிட்டோடு போய்விட்டது, வெறும் வெள்ளைச் சோற்றையே தின்றால் இப்படித்தான் வரும் என்று விளக்கினார். புழுங்கல் சோறு, பச்சைப்பயறு, முருங்கைக்கீரை, அதோடு தினமும் தவிடு. இவைதான் மருந்து.

"தவிடு மாட்டுக்குல்ல சாமி போடுவோம்" என்றாள் அம்மா.

"மாடு நல்லாத்தானே நடக்குது" என்றார் டிரசர்.

எங்கள் பசுவுக்காக, பக்கத்து மலாய்க்காரர் கிராமமான கம்பத்தில் நெல் குத்துகிற வீடுகளிலிருந்து அம்மா தவிடு வாங்கிவருவது வழக்கம். அன்றிலிருந்து பசுவுக்கு முன்னால் எனக்குப் பங்கு வந்தது. சலித்து, வறுத்து, அதே கம்பத்தில் கிடைக்கும் தென்னை வெல்லமான "குலா"வைப் பாகு காய்ச்சி ஊற்றி, சூடு ஆறுமுன் உருட்டுவாள். அக்கம்பக்கத்தார் கேட்டால் பொருவிளங்காய் உருண்டை என்பாள். மணம் காட்டிக்கொடுத்துவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் சிரித்தார்கள். இங்கிலீஷ் படித்த பிள்ளைக்குப் பருத்திக்கொட்டையும் ஊறப்போடவில்லையா என்று ஒருத்தி கேட்டாளாம். முகம் சிவக்க வீட்டுக்கு வந்த அம்மா, அன்றைக்கு உருண்டையை இன்னும் கொஞ்சம் பெரியதாக உருட்டினாள். முதலில் தொண்டையில் இறங்கவில்லை. பிறகு பழகிவிட்டது. தம்பி திருடித் தின்னுமளவுக்கு அது நன்றாகவே இருந்தது.

கால் வீக்கம் வடிந்தது. முகம் பழையபடி ஒடுங்கியது. லயத்துப் பெண்கள் இப்போது, பாவம், இளைத்துவிட்டாள் என்றார்கள். பொங்கலன்று ஊரே சர்க்கரைப் பொங்கல் தின்றபோது அம்மா எனக்கு ஒரு வாய்தான் கொடுத்தாள். அரிசியின் வெள்ளையைப் பார்த்தாலே அவளுக்குப் பயம் வந்திருந்தது. நான் சுவரைப் பிடித்தும் வேலியைப் பிடித்தும் நடந்து பழகினேன். அப்பா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். பள்ளி திறப்பதற்கு முந்தின நாள்தான் வாய் திறந்தார்.

"நாளைக்கு யார் கையும் புடிக்காம மெயின் ரோட்டுவரைக்கும் வா பாப்பா. வந்துட்டா பஸ் ஏத்திவிடுறேன். நடுவுல உக்காந்துட்டா, பொட்டியத் திரும்பத் தூக்கிட்டு வந்துடுவேன்."

அப்பா பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னே போனார். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ரப்பர் மரங்களுக்கு நடுவே போகும் செம்மண் பாதையில், வழக்கமாக நான் ஓடியே கடக்கும் ஒரு மேடு உண்டு. அந்த மேட்டில் என் இடக்கால் மடங்கியது. பின்னால் வந்த அம்மாவின் காலடி நின்றது. அவள் என்னைப் பிடிக்கவில்லை. பிடித்தால் எல்லாம் முடிந்தது என்று அவளுக்குத் தெரியும். குனிந்து முழங்காலில் கையூன்றி, மூச்சு வாங்கிக்கொண்டு, நிமிர்ந்து நடந்தேன். ரோட்டுக்கு வந்துசேர்ந்தபோது அப்பா பெட்டியை இறக்கி, தலைத்துண்டால் முகத்தை நெடுநேரம் துடைத்தார்.

பஸ் வரும் சத்தம் கேட்டதும் அம்மா உருண்டை டின்னை என் கையில் கொடுத்துவிட்டு, காதோரம் சொன்னாள்: "அந்தச் சத்தியத்த நான் திரும்ப வாங்கிக்கிட்டேன் தாயி. மாரியாத்தாகிட்டயும் சொல்லிட்டேன். மீனு குடுத்தா தின்னு, முட்டை குடுத்தா தின்னு. கறி குடுத்தா மட்டும் மாட்டுக்கறியான்னு கேட்டுக்கோ."

இப்போது நான் டவுனில் ஒரு தமிழ்ப் பள்ளியில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். எங்கள் பழைய லயத்தை இடித்துவிட்டு வேறு கட்டிவிட்டார்கள், பசுவை விற்றாகிவிட்டது, தவிடு வறுக்கும் சட்டி எங்கே போனதென்று அம்மாவுக்கே தெரியவில்லை. ஆனால் விடுமுறைக்கு நான் போய் இறங்கினால், அவள் இன்னும் முதலில் என் முகத்தைப் பார்ப்பதில்லை. வாசலிலேயே என்னை உட்காரவைத்து, சேலையைச் சற்று ஒதுக்கி, முழங்காலுக்குக் கீழே பெருவிரலை வைத்து அழுத்துகிறாள். விரலை எடுத்ததும் தோல் உடனே மேலெழும்பிவிடுகிறது, குழி இல்லை. அப்படியும் அந்த இடத்தைச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுத்தான், "வா தாயி, சோறு திங்கலாம்" என்கிறாள்.